ஃபீபியின் புருஷன்

ஆல்டர் ஃபால்ஸில் எது அடைத்துக்கொண்டாலும் அதற்கு ஜாம் என்றுதான் பெயர். பிரசங்கத்தின் நடுவில் வார்த்தை வராமல் பாதிரியார் தொண்டையைக் கனைத்தால், பின்வரிசையில் யாராவது, "ஜாம் விழுந்துடுச்சுய்யா, கொக்கியப் போட்டு இழுங்க" என்று முணுமுணுப்பார்கள். குழந்தைக்கு வயிறு இளகாவிட்டால் ஜாம். மூத்தவளுக்கு மாப்பிள்ளை அமையாமல் தங்கைகளும் வீட்டோடு கிடந்தால் அந்த வீட்டில் ஜாம். பாங்கர் நகரத்துப் பத்திரிகைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், சட்டசபையில் ஏதாவது மசோதா நகராமல் கிடந்தால்கூட 'லாக் ஜாம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போடுகிறார்கள். கட்டை அடைப்பாம்! மசோதா நகராததால் எந்தத் தாயாவது பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறாளா?

லெவி ட்ராஃப்டன் மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. எதிரில் யாராவது சிரித்துக்கொண்டே அதைச் சொன்னால், தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவான்.

"பொண்டாட்டி ஞாபகம் வந்துடுச்சு மனுஷனுக்கு" என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெனாப்ஸ்காட் ஆற்றில் வேலை பார்த்தவர்களுக்கு ஜாம் என்றால் ஒன்றே ஒன்றுதான். குளிர்காலமெல்லாம் காட்டில் வெட்டிச் சாய்த்த மரங்களை, பனி உருகி ஆறு பெருகும்போது தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். ஆணி அடித்த பூட்ஸும் கொக்கி வைத்த நீளத் தடியுமாக ஆட்கள் மிதக்கும் கட்டைகள் மேலேயே ஓடி, மந்தையை ஓட்டுவதுபோல அவற்றை ஆலை வரைக்கும் ஓட்டி வருவார்கள். வழியில் எங்காவது ஒரு கட்டை பாறையிடுக்கில் குறுக்கே மாட்டிக்கொள்ளும். அதன் முதுகில் இன்னொன்று ஏறும், அதன்மேல் வேறொன்று. சற்று நேரத்தில் ஆறே தெரியாது. கரைக்குக் கரை மரத்தாலான ஒரு மலை நிற்கும். பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த மலையின் அடியில் எங்கோ, மொத்தத்தையும் பூட்டி வைத்திருக்கும் ஒற்றைக் கட்டை ஒன்று உண்டு. அதற்குச் சாவி என்று பெயர். யாராவது இறங்கிப் போய் அதை வெட்ட வேண்டும். வெட்டியதும் மலை புறப்பட்டுவிடும். வெட்டியவன் அதற்குள் கரை சேர்ந்துவிட வேண்டும்.

லெவி ஆற்றுக்கு வந்த முதல் வசந்தத்திலேயே ஒருவன் கரை சேராததைப் பார்த்துவிட்டான். தொப்பி மட்டும் மிதந்து வந்தது. அன்று லெவியின் நெஞ்சுக்குள் நுழைந்த குளிர் பிறகு வெளியேறவே இல்லை.

அடுத்த வருஷம் அவன் வேறு கோஷ்டியில் சேரப் போனான். அதன் மேஸ்திரி கில்லிஸ் மலைபோன்ற மனிதர், வாயைத் திறந்தால் வசவு. ஆனால் ஒரு விதி வைத்திருந்தார். மனைவி உள்ளவனை ஜாமுக்குள் இறக்க மாட்டார். எப்போதோ ஒரு இளம் விதவையின் வாசலில் போய் நின்று சேதி சொல்ல வேண்டி வந்ததாம். அன்றே சபதம் எடுத்துக்கொண்டாராம். ஜாம் விழுந்தால் கோஷ்டி இரண்டாகப் பிரியும். கல்யாணமானவர்கள் கரைப்பக்கம், ஆகாதவர்கள் ஆற்றுப்பக்கம்.

"கல்யாணம் ஆச்சாடா?" என்று கேட்டார் கில்லிஸ்.

லெவிக்கு மிதந்து வந்த தொப்பி கண்ணில் நின்றது. "ஆச்சு மேஸ்திரி."

"பேரு என்ன?"

"ஃபீபி." வாயில் முதலில் வந்த பெயர் அது.

"எங்க இருக்கா?"

"வடக்கே, அருஸ்டுக்ல. உருளைக்கிழங்குப் பண்ணையில."

பக்கத்தில் மண்ணைத் தோண்டி, அவரைக்கொட்டை வேகத் தணலுக்குள் பானையைப் புதைத்துக்கொண்டிருந்த சமையல்காரன் தெலஸ்ஃபோர் நிமிர்ந்து பார்த்தான். "இந்த மூஞ்சிக்குப் பொண்ணு குடுத்திருக்கானுங்கன்னா, அருஸ்டுக்ல ஆம்பளைங்களே இல்லபோல!"

எல்லோரும் சிரித்தார்கள். லெவியும் சிரித்தான். இப்படித்தான் அவனுக்குக் கல்யாணம் நடந்தது.

சொன்ன பொய் சொன்ன இடத்தில் கிடக்குமா? ஃபீபிக்கு உடம்பு வளர்ந்தது. கேட்டவர்களுக்கு லெவி பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கு முகமெல்லாம் செம்புள்ளி என்றான். குளிர் வந்தால் இருமுவாள் என்றான். வெள்ளரிக்காய் ஊறுகாயில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றான். மரம் ஆலை சேர்ந்து கோஷ்டி கலைந்ததும் ஒவ்வொரு வருஷமும் "வீட்டுக்கு" என்று கிளம்பிப் போய், யாரும் அறியாத ஏதோ பண்ணையில் வைக்கோல் அறுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

அவனுடைய பேச்சை ஆசையாகக் கேட்டவன் ஓரன் ஸ்பாஃபர்டு. கோஷ்டியிலேயே இளையவன், கட்டை மேல் ஓடினால் கால் தண்ணீரில் படாது. லெவியிடம் அவனுக்கு அண்ணன்போலப் பாசம்.

"அண்ணி இருமல் தேவலையா லெவிண்ணே?" என்பான். மாலையில் நெருப்படியில் உட்கார்ந்து மெல்லுகிற மரப்பிசினை வைக்கும் சின்னப் பெட்டி ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்து ஆட்கள் காதலிக்குச் செதுக்கிக் கொடுப்பார்கள். "எனக்குத்தான் குடுக்க ஆளில்ல. அண்ணிக்காவது இருக்கட்டும். மூடியில பேரு போடணும், ஃபீபின்னு எப்படி எழுதறது?"

லெவி எழுதிக் காட்டினான்.

ஓரன்தான் அவனை ஆல்டர் ஃபால்ஸில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். வீட்டில் விதவைத் தாயும் அக்காள் ஹல்டாவும் இருந்தார்கள். ஹல்டா பேரழகி அல்ல. ஆனால் அவள் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்த ஒரு பார்வையில், லெவிக்குத் தான் செய்துகொண்ட கல்யாணம் எப்படிப்பட்டது என்று முதல்முறையாக உறைத்தது.

"உங்க வீட்ல ரொட்டிக்கு வெல்லப்பாகு ஊத்துவாங்களா, மிஸ்டர் ட்ராஃப்டன்?" என்று அவள் கேட்டாள்.

"ஊத்துவா."

"என்னைவிட நல்லா செய்வாங்களா?"

"இல்லை" என்றான் லெவி சட்டென்று. அவள் முகம் சிவந்து அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதற்கு மேல் அவர்களுக்கிடையே அந்தப் பேச்சு வளரவில்லை. பேச முடியுமா? அவன் இன்னொருத்தியின் புருஷன்.

கிளம்பும்போது ஹல்டா ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "உங்க மனைவிக்கு. கையுறை. நானே பின்னினது."

ஒவ்வொரு வருஷமும் ஒரு ஜோடி வந்தது. வைக்கோல் அறுத்துக் களைத்த மாலைகளில் லெவி அவற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுடைய தடித்த விரல்கள் அதற்குள் நுழையாது.

கடைசியில், இந்த வசந்தம் முடிந்ததும் ஃபீபியைக் கொன்றுவிடுவது என்று லெவி தீர்மானித்தான். விஷக்காய்ச்சல் போதும். கொஞ்ச நாள் துக்கத்துக்குக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு கண்ணியமாக ஸ்பாஃபர்டு வீட்டுக் கதவைத் தட்டலாம். ஆனால் இப்போதே அவள் செத்தால் அவன் ஆற்றுப்பக்கம் போய் நிற்க வேண்டியிருக்கும். அதனால் மரமெல்லாம் ஆலை சேரட்டும், அப்புறம் சாகட்டும் என்று தள்ளிப்போட்டான். கோழையின் கணக்கு எப்போதும் இப்படித்தான் ஓடுகிறது.

மரம் ஆலை சேரவில்லை. ஊருக்கு மேலே உள்ள குறுகலில் ஜாம் விழுந்தது. கிழவர்கள்கூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார்கள். கட்டைகள் செங்குத்தாக எழுந்து நின்றன. உள்ளே எங்கோ மரம் மரத்தை நெரிக்கும் முனகல் கேட்டது. கொக்கிகளால் மேலே இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டு தண்ணீர் ஏறியது.

"பிரிஞ்சு நில்லுங்கடா" என்றார் கில்லிஸ்.

அந்த வருஷம் ஆற்றுப்பக்கத்துக்கு இரண்டே பேர். ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தது. மிச்சம் ஓரன்.

கில்லிஸ் தாடையைச் சொறிந்தார். "ஒருத்தன் கீழ வெட்டணும், இன்னொருத்தன் மேல நின்னு கட்டை அசையறதப் பாத்துக் குரல் குடுக்கணும். கோடாலிச் சத்தத்துல வெட்டறவனுக்கு ஒண்ணும் கேக்காது. இன்னொரு கல்யாணமாகாத பய இருந்தா நல்லாருக்கும்."

அவர் கண்கள் கரைப்பக்கத்து வரிசை மேல் ஓடின. லெவி மீது வந்தன, கடந்து போயின.

லெவியின் வாய் திறந்தது. நான் இருக்கிறேன் மேஸ்திரி, எனக்கு யாரும் இல்லை. இந்தச் சொற்கள் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு நின்றுவிட்டன.

"நான் பாத்துக்கறேன் மேஸ்திரி. எனக்குக் காது நல்லா கேக்கும்" என்றான் ஓரன். கோடாலியை எடுத்தான். லெவியின் முகத்தைப் பார்த்தவன், நண்பனுக்குத் தன்னைப் பற்றிய கவலை என்று நினைத்துக்கொண்டு தோளில் ஒரு தட்டுத் தட்டினான். "ஏண்ணே பேயறைஞ்ச மாதிரி நிக்கற? போய் அண்ணிக்கு ஊறுகாய் சொல்லி வை. கோடையில உங்க வீட்டுக்கு வரேன்."

இறங்கினான். கோடாலிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேலே இடது ஓரத்தில் ஒரு கட்டை மெல்லத் தலை திருப்பியதை எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் கத்தினார்கள். லெவிதான் அதிகம் கத்தினான். கரையிலிருந்து கத்தினால் அங்கே என்ன கேட்கும்?

மலை புறப்பட்டது.

ஓரனின் உடல் கீழே வெகுதூரத்தில் ஒதுங்கியது. வழக்கப்படி அவனுடைய ஆணி பூட்ஸைக் கழற்றி, குறுகலின் மேலே நின்ற பைன் மரத்தில் மாட்டினார்கள். மரத்தில் ஏறி மாட்டியவன் லெவி.

ஹல்டாவின் வீட்டுக்குச் சேதி சொல்ல அவனும் கில்லிஸோடு போனான். ஓரனின் தாய் அழவில்லை. லெவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள். "உன் பொண்டாட்டி கறுப்பு உடுத்தாம இருக்காளே, அது என் புள்ள போட்ட பிச்சை. அவகிட்ட சொல்லு. அவ நல்லா இருந்தா என் ஓரன் வீணாப் போகலைன்னு நான் நெனச்சுப்பேன்."

ஐயோ! அதற்குப் பிறகு ஃபீபியை எப்படிக் கொல்வது? அவள் செத்தால் ஓரன் செத்தது வீணாகிவிடும். அவள் இல்லவே இல்லை என்றாலோ, தாயின் நெஞ்சில் மகனை இன்னொரு முறை கொன்றதாகிவிடும். லெவி ஆற்று வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே ஆலையில் சேர்ந்தான். கோடையில் மட்டும் முன்போலவே "வீட்டுக்கு" என்று போய் வந்தான். அந்த வீட்டுக்கு விறகு பிளந்து கொடுத்தான், கூரையைச் சரிசெய்தான். மனைவியைப் பண்ணையிலேயே விட்டுவிட்டு இங்கே வந்து நண்பனின் தாய்க்கு உழைக்கிறானே என்று ஊரே அவனை உத்தமன் என்றது. ஹல்டாவைப் பெண் கேட்டு ஒரு மளிகைக்காரர் வந்தார். அவள் மறுத்துவிட்டாள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. லெவிக்குப் புரிந்தது. இரவெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

வருஷங்கள் போயின. தாய் படுக்கையில் விழுந்தாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஃபீபியைப் பார்க்க வேண்டும்.

துணி காயப்போட்டிருந்த கொல்லையில் ஹல்டா அவனை நிறுத்தினாள். "கூட்டிட்டு வாங்க, மிஸ்டர் ட்ராஃப்டன். ரயில்ல வந்தா ஒருநாள் பிரயாணம். அம்மா ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க."

"வர மாட்டா."

"உடம்புக்கா?"

"இல்ல."

"அப்ப என்ன, திமிரா? என் தம்பி உயிரக் குடுத்திருக்கான். ஒரு தடவை வந்து அந்தக் கிழவி கையப் பிடிக்க முடியாதா அவளால?"

"ஹல்டா, ஃபீபின்னு யாரும் இல்ல."

அவள் கையிலிருந்த ஈரத்துணி நழுவியது. "செத்துட்டாளா?"

அந்தக் கேள்வியின் அடியில், திகைப்புக்கும் இரக்கத்துக்கும் கீழே, வேறொன்று எட்டிப் பார்த்ததை லெவி கண்டான். எத்தனை காலமாக அதற்குக் காத்திருந்தான்! ஆமாம் என்று ஒரு சொல் போதும். கறுப்புப் பட்டை, கொஞ்ச நாள் பொறுமை, பிறகு இந்த வீடு, இந்தக் கைகள். அவன் வாழ்நாளில் சொன்னதிலேயே சுலபமான பொய்யாக அது இருந்திருக்கும்.

"பொறக்கவே இல்ல" என்றான் லெவி. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவன் ஆற்றுப்பக்கம் வந்து நின்றான். வெகு தாமதமாக.

ஹல்டா அசையாமல் கேட்டாள். முடிவில் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தப் பேரு யாரோடது?"

"எங்கம்மா வளர்த்த பசுவோடது."

ஹல்டா சிரித்தாள். கொல்லையில் மேய்ந்த கோழிகள் மிரண்டு ஓடுகிற மாதிரி சிரித்தாள்.

"வருஷா வருஷம் கையுறை பின்னினேனே, எதுக்குன்னு நெனச்ச? பாசத்துலயா? அவ செத்துத் தொலைய மாட்டாளான்னு நெனச்சேன். சர்ச்சுல முட்டி போட்டுக்கிட்டே நெனச்சேன். அந்தப் பாவத்துக்குப் பயந்து ராத்திரி கண்ணு எரிய எரிய பின்னினேன். பசுமாட்டுக்கு!"

"ஹல்டா, நான் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். என்ன தண்டனை குடுத்தாலும்..."

"சொல்லி? எங்கம்மா எத நெனச்சுக்கிட்டு கண்ண மூடுவாங்க? தம்பி ஒரு கோழைக்காகச் செத்தான்னா? ஒரு மாட்டுக்காகச் செத்தான்னா?" அவள் கீழே விழுந்த துணியை எடுத்து உதறினாள். குரல் இறங்கிவிட்டது. "நீ கல்யாணமானவன், லெவி. அப்படியே இரு. சாகற வரைக்கும் அப்படியே இரு."

முதல்முறையாக அவனைப் பெயர் சொல்லி அழைத்தாள். அது இப்படி வந்தது.

அவள் நேராகத் தாயின் அறைக்குப் போனாள். லெவி பின்னாலேயே போனான்.

"அம்மா, ஃபீபி இப்ப பிரயாணம் பண்ணக் கூடாதாம்" என்றாள் ஹல்டா, தலையணையைச் சரிசெய்துகொண்டே. "முழுகாம இருக்காளாம். பையன் பொறந்தா ஓரன்னு பேரு வைக்கப் போறாங்களாம். இல்லையா, மிஸ்டர் ட்ராஃப்டன்?"

கிழவியின் வற்றிய முகத்தில் ஒளி வந்ததே, அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். லெவியின் கையை இழுத்து உதட்டில் வைத்துக்கொண்டாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். சிரித்த முகத்தோடு போய்ச் சேர்ந்தாள்.

தாயோடு அது முடிந்ததா? ஊர் விடுமா? இலையுதிர்காலத்தில், பையன் பிறந்தாச்சா என்று சமையல்காரன் தெலஸ்ஃபோர் கேட்டான். பிறந்துவிட்டான் என்று லெவி சொல்ல வேண்டி வந்தது. பல் முளைத்ததா, நடக்கிறானா, அப்பா ஜாடை இருக்கிறதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஊரைவிட்டுப் போயிருக்கலாம். போனால் ஹல்டாவைப் பார்க்க முடியாதே.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியில் அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், சர்ச் வாசலில் எல்லோரும் நிற்கும்போது, அவனுக்கு எதிரே வந்து நிற்பாள். மரியாதையாகத்தான் பேசுவாள்.

"சின்ன ஓரன் எப்படி இருக்கான், மிஸ்டர் ட்ராஃப்டன்? இந்த வருஷம் கையுறை எந்த அளவு பின்னட்டும்? எவ்வளவு உயரம் இருக்கான்?"

சுற்றி நிற்பவர்கள் புன்னகையோடு அவனைப் பார்ப்பார்கள். லெவி கையை நீட்டி, வெறும் காற்றில், முழங்காலுக்குச் சற்று மேலே காட்டுவான். அடுத்த வருஷம் தொடையருகே. அதற்கடுத்த வருஷங்களில் கை இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

போன கிறிஸ்துமஸில் அவன் கை நெஞ்சளவுக்கு வந்துவிட்டது. ஹல்டா அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா வளந்துட்டான்" என்றாள். "ஆத்து வேலைக்கு மட்டும் அனுப்பிடாதீங்க."